கதவுக்குப் பின்னால் தொங்கும் பை

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக் கணினி சில நாட்களாக ‘டிக், டிக்’ என்று சத்தம் போட்டது. இந்தக் கடற்காற்றுக்கு எதுதான் துருப்பிடிக்கவில்லை என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன். பிறகு ஒரு காலை திரை கறுப்பாகவே நின்றது.

எங்கள் பிரதான சாலையான காலி வீதியில், கணினி திருத்தும் கடைக்காரர் கழற்றிப் பார்த்தார். “ஹாட் டிஸ்க் முடிஞ்சுது அக்கா. பெக்கப் எடுத்து வச்சிருக்கீங்களா?”

“ஓம், இருக்கு” என்றேன், கொஞ்சம் திமிராகவே.

அது எங்கள் வாசல் கதவுக்குப் பின்னால் தொங்கும் பையில் இருந்தது. தமிழர் வீடுகளைத் தாக்கிய கலவரத்தில் உடுத்த துணியோடு ஓடியவர் அம்மா. அன்றிலிருந்து காணி உறுதிப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ்கள், நகை எல்லாம் அந்தப் பையில்தான். ஓட வேண்டிய நாளில் தவிர அதைத் திறக்கக் கூடாது என்பது அவருடைய சட்டம். மகள் பிறந்த வருடம் அவரிடம் கெஞ்சி, படங்களைப் பிரதி எடுத்த டிஸ்க்கை அதற்குள் வைத்தேன்.

அன்று பின்னேரம் அம்மா கண்ணயர்ந்ததும் பையின் சிப்பை இழுத்துத் திறந்தேன். அலுவலக லெப்டொப்பில் செருகியதும் டிஸ்க் நன்றாகவே வேலை செய்தது. படங்களில் மகள் தொட்டிலில் கிடந்தாள். அதற்குப் பிறகு ஒரு படமும் இல்லை. அவள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். திறக்கவே கூடாத பையில் பெக்கப்பை வைத்த மடைச்சி நான்.

பின்னால் காலடி கேட்டுத் திரும்பினேன். சிப் சத்தத்தில் எழும்பிய அம்மா, செருப்பும் போட்டு, பேத்தியின் கையை இறுக்கிப் பிடித்தபடி நின்றார்.

“எந்தப் பக்கத்தால வாறாங்கள்?” என்று மெதுவாகக் கேட்டார்.