பழனியம்மாள் வைத்த வெல்டு

1. மாடியில் வேலை

சேலத்தில் ஒரு இயந்திரத் தொழிற்சாலையில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே மேனேஜர் என்னை மாடியில் டிராயிங் டேபிளில் உட்கார வைத்துவிட்டார். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவள், இயந்திரங்கள் ஓடும் ஷாப் ஃப்ளோருக்குப் போகிறேன் என்றேன்.

"கீழ பூரா ஆம்பளைங்கம்மா. உனக்கெதுக்கு அந்த எண்ணெயும் கரியும்?"

சில வருடங்கள் படம் வரைந்தேன். நான் வரைந்த பாகம் ஒன்றையும் தொட்டுப் பார்த்ததில்லை. எழுபதுகளின் கடைசியில் வேலையை விட்டுவிட்டு நாமக்கல்லில், லாரி பாடி கட்டும் பட்டறைகள் இருந்த தெருவில் ஒரு ஷெட் பிடித்தேன். கோழிப் பண்ணைகளுக்குத் தீவனம் கலக்கும் மிக்ஸர் செய்வதுதான் தொழில்.

2. எதிர்ப் பட்டறை

என்னிடம் இருந்த ஒரே வெல்டர் சின்னசாமி. கை சுத்தம், பேச்சு குறைவு. முதல் பெரிய ஆர்டர் பாதியில் நிற்கும்போது, எதிரே இருந்த பாடி பட்டறைக்குப் போவதாக வந்து சொன்னார்.

"கூலிக்காக இல்லீங்கக்கா. பொம்பளகிட்ட கைகட்டி நிக்கறான்னு டீக்கடையில கேலி பேசறானுங்க. தாங்க முடியலீங்க."

கோபம் வந்தது. ஆனால் மனிதர் மறைக்காமல் சொன்னார். "போயிட்டு வாங்க. எதிர்லதானே இருக்கப் போறீங்க, பார்த்தா பேசாம போயிடாதீங்க" என்றேன். கல்லூரியில் கற்ற வெல்டிங்கை வைத்துக்கொண்டு நானே வெல்டிங் ராடு மாட்டும் ஹோல்டரைப் பிடித்தேன்.

அந்த வாரமே அவர் மனைவி பழனியம்மாள் வந்து நின்றார்.

"அவரு போனாப் போகட்டுமுங்க, நா வாரேன். பண்ணையில முட்டை பொறுக்கி இருமல்தான் மிச்சம். எனக்குச் சொல்லித் தருவீங்களா?"

"ஊட்டுல சம்மதமா?"

"வேண்டாம்னு சொல்லலீங்க. பேசறதுதான் இல்ல."

சேலைமேல் புருஷனின் பழைய காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு பழைய தகடுகளில் பழகினார். முதலில் ராடு ஒட்டிக்கொள்ளும், அல்லது தகடு ஓட்டையாகும். கண் சிவந்து வீங்கும். மறுநாள் காலையில் எனக்கு முன்னால் ஷெட் வாசலில் நிற்பார். கை படிந்த பிறகுதான் மிக்ஸரைத் தொடவிட்டேன். அதுவரை ஆர்டர் கொடுத்த பண்ணைக்காரரிடம் அவகாசம் கேட்டுச் சமாளித்தேன்.

3. சோதனை

மிக்ஸரை எடுத்துப்போக வந்த பண்ணைக்காரர், பழனியம்மாள் முகத்தை மறைத்திருந்த வெல்டிங் கண்ணாடியைக் கழற்றியதைப் பார்த்து அதிர்ந்து போனார்.

"ஏனுங்க அம்மணி, பொம்பளையா வெல்டு வெச்சது? மக்காச்சோளம் கொட்டி ஓட்டுனா கழண்டு உழுந்துராதா? எனக்கு வேண்டாமுங்க."

அந்த மிக்ஸர் விலைபோகாமல் நின்றுபோனால் ஷெட்டை மூட வேண்டியதுதான். "உங்களுக்கு நம்பிக்கையான வெல்டர் யாரையாவது கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்க" என்றேன். அவர் தெருவைத் தாண்டிப் போய் அழைத்து வந்தது சின்னசாமியை. சின்னசாமியும் பழனியம்மாளும் கணவன் மனைவி என்பது அவருக்குத் தெரியாது. நாங்களும் சொல்லவில்லை.

சின்னசாமி யார் முகத்தையும் பார்க்கவில்லை. சுத்தியால் கசடைத் தட்டித் தட்டி, ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தடவிப் பார்த்தார். பழனியம்மாள் சட்டை நுனியைத் திருகிக்கொண்டு நின்றார். கடைசியில் சின்னசாமி நிமிர்ந்தார்.

"இந்த மூலையில மட்டும் பொடிப்பொடி ஓட்டையா புரை இருக்குதுங்க. அரைச்சுட்டு மறுபடி வெக்கோணும். மத்ததெல்லாம் நா வெச்சாலும் இப்படித்தானுங்க இருக்கும்."

"அப்ப அதை நீயே வெச்சுக் குடுத்துரப்பா" என்றார் பண்ணைக்காரர்.

சின்னசாமி கீழே கிடந்த ஹோல்டரை எடுத்தார். மனைவியிடம் நீட்டினார்.

"நீயே வை புள்ள."

பண்ணைக்காரர் அப்போதுதான் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மிக்ஸர் அன்றே வண்டி ஏறியது.

சின்னசாமி என்னிடம் திரும்பி வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. பழனியம்மாள் எங்கள் ஃபோர்மேன் ஆனார். பின்னால் சேர்ந்த பெண்களுக்கெல்லாம் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

தொழில் தொடங்கும் பெண்களுக்கு நான் சொல்வது ஒன்று. ஆளைச் சேர்ப்பதில் காட்டும் அக்கறையை, விட்டுப் போகிறவரை வழியனுப்புவதிலும் காட்டுங்கள். அன்று சின்னசாமி வெல்டு எதுவுமே சரியில்லை என்று பொய் சொல்லியிருந்தால் கேட்க யாரும் இல்லை.