ஆடியில் விழுந்த கல்யாணம்

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு மணவறை. நாற்காலி குறைந்தால் பக்கத்துக் கடையில் கேட்டு வாங்கலாம், அண்டா குறைந்தால் எப்படியாவது சமாளிக்கலாம். மணவறைக்கு மட்டும் மாற்று கிடையாது. எண்பதுகளின் நடுவில் நானும் என் கணவரும் மலேசியாவின் ஈப்போவில் கல்யாணச் சாமான் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தோம். ஓர் ஆவணி மாதம் அந்த ஒரே மணவறையை ஒரே நாளில் இரண்டு வீட்டுக்குச் சொல்லித் தொலைத்தோம். சுவர்க் காலண்டரில் அவர் பென்சிலால் எழுதியது அழிந்துபோயிருக்க, அதன் மேலேயே நான் இன்னொரு வீட்டை எழுதியிருந்தேன். ஒரு பெண் வெறும் ஜமுக்காளத்தில் உட்கார்ந்து தாலி கட்டிக்கொண்டாள். அவளுடைய அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட அன்றைக்குச் சாப்பிட்டிருப்பேன்.

அப்புறம்தான் கம்ப்யூட்டர் வந்தது. மூடப்போன ஒரு ஆபீசிலிருந்து என் கணவர் பழைய பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். பதிவுகளை வைத்துக்கொள்ள அதற்கு ஒரு டேட்டாபேஸ் வேண்டும் என்றார்கள். இப்போது தரவுத்தளம் என்கிறார்களே, அதுதான். விற்க வந்த சீன இளைஞன் சொன்ன விலைக்கு இரண்டாவது மணவறையே செய்துவிடலாம். கமுந்திங் தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்க்கும் என் தம்பி, வெவ்வேறு டேட்டாபேஸ் புரோகிராம் ஏற்றிய, சும்மா கிடைக்கும் டிஸ்க்குகள் மூன்றைக் கொண்டுவந்தான்.

"அக்கா, இது திருட்டுச் சாமான் இல்ல லா. செஞ்சவனே காப்பி பண்ணிக்க, கூட்டாளிக்கும் குடுன்னு உள்ள எழுதி வெச்சிருக்கான்."

விற்க வந்தவன் சிரித்தான். "ஃப்ரீ புன்யா பாராங், மானா போலே பெர்ச்சாயா?" என்றான். சும்மா வருவதை எப்படி நம்புவது என்று கேட்கிறானாம். என் கணவரும் அவனோடு சேர்ந்து தலையை ஆட்டினார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நம்பலாமா கூடாதா என்று நானே பார்த்துவிடுகிறேன் என்றேன்.

ஈப்போவில் நாலு மணிக்கு மழை, மழைக்கு முன்னால் இடி, இடி விழுந்தால் கரண்ட் போகும். அதனால் என் பரீட்சை சுலபமானது. ஒவ்வொரு டிஸ்க்கிலும் இருபது கல்யாணத்தை அடித்து ஏற்றுவேன், இருபத்தோராவது பாதியில் இருக்கும்போது சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்குவேன். முதல் டிஸ்க் அதற்குப் பிறகு திறக்கவே மறுத்தது. இரண்டாவது திறந்தது, ஆனால் கல்யாணங்கள் இருந்த இடத்தில் கோழி கிளறின மாதிரி என்னென்னவோ எழுத்துகள். மூன்றாவது அந்தப் பாதி வரியை மட்டும் விட்டுவிட்டு இருபதையும் அப்படியே காட்டியது. பத்துத் தடவை பிடுங்கினேன், பத்துத் தடவையும் காட்டியது.

"பொட்டி செத்துரும்மா, போதும்!" என்று என் கணவர் கத்தினார்.

"சாகல பாத்தீங்களா? இதான் நமக்கு" என்றேன். அந்தக் கர்வத்தில் சுவர்க் காலண்டரையும் கழற்றிக் கீழே வைத்தேன். இனி எல்லாம் பெட்டிக்குள்தான்.

அந்தப் புரோகிராமுக்கு ஒரு கிறுக்கு மட்டும் இருந்தது. 25/5 என்று தேதி போட்டால் கீச்சென்று கத்தும். திருப்பி 5/25 என்று போட்டால் வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்ளும். கத்தினால் திருப்புவேன், கத்தாவிட்டால் அப்படியே விடுவேன். பச்சைக் குழந்தையைச் சமாளித்தவளுக்கு இது பெரிய காரியமா என்று நினைத்துக்கொண்டேன்.

தை முடிகிற சமயம் சுங்காய்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்திலிருந்து ஓர் அக்கா வந்தார். காலையில் பாலுக்கு ரப்பர் மரம் வெட்டிவிட்டு, குளித்து, பஸ் ஏறி வந்திருந்தார். மூத்த மகளுக்குக் கல்யாணம், வைகாசிக் கடைசியில், ஜூன் எட்டு. நான் 8/6 என்று அடித்தேன். அது கத்தவில்லை.

அவர் திரையை எட்டிப் பார்த்தார். "அந்த டிவில எம்மவ கல்யாணம் ஏறிருச்சா?"

"ஏறிருச்சுக்கா. இனி இடி விழுந்தாலும் அழியாது."

"சத்தியமா?"

"சத்தியமா."

மாசியில் ஈப்போவிலேயே இருக்கும் ஒரு யாழ்ப்பாணத்து ஐயா வந்தார். அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். மகளுக்குக் காலையில் கோயிலில் தாலி, மாலையில் மண்டபத்தில் விருந்து, விருந்து மேடைக்கு மணவறை வேண்டும் என்றார். ஜூன் எட்டு. யார் கேட்டாலும் அந்த மாதத்துப் பட்டியல் முழுவதையும் எடுத்துப் பார்ப்பது என் வழக்கம். ஜூன் பட்டியலை எடுத்தேன், எட்டாம் தேதி காலியாக இருந்தது. அவரையும் 8/6 என்று ஏற்றினேன்.

மே மாதம் பெயின்ட்காரர் எப்போது வரட்டும் என்று கேட்டார். மணவறையின் தங்கப் பூச்சு உரிந்துகொண்டிருந்தது. ஆடியில் வாங்க, ஆடியில் நம்மைத் தேடி ஒரு ஈ காக்கா வராது என்று சொல்லிவிட்டு, சும்மா ஒரு பெருமைக்கு, ஆடி விழும் ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரைக்கும் பட்டியலைக் கேட்டேன். காலியாக வரும் என்று காட்டத்தான். இரண்டு கல்யாணம் வந்தது.

"ஆடியில எவன் கல்யாணம் வெப்பான்?" என்று வாய்விட்டே சிரித்தேன். அப்புறம் தேதியைப் பார்த்தேன். 8/6. அதற்குக் கீழே இன்னொரு 8/6. எனக்கு அது ஜூன் எட்டு. பெட்டிக்கு அது ஆகஸ்ட் ஆறு. செய்த அமெரிக்காக்காரர்கள் மாதத்தை முதலில் எழுதுகிறவர்களாம். இருபத்தைந்தாம் மாதம் ஏது என்று கத்தியதெல்லாம் அதற்குத்தான். கத்தாமல் வாங்கிக்கொண்டதெல்லாம் தப்பான மாதத்தில் போய் உட்கார்ந்திருந்தது. சுங்காய்ப் பெண் உட்கார வேண்டிய மணவறையை நான் ஐயாவுக்கும் கொடுத்திருந்தேன். என் கணவரைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன்.

ஓசிச் சாமான் என்று சொல்லிக் காட்டுவார் என்று காத்திருந்தேன். அவரோ மற்ற எல்லாப் பதிவையும் என்னோடு உட்கார்ந்து சரிபார்த்தார். இன்னும் சிலது இடம் மாறியிருந்தன, ஆனால் மோதியது இது ஒன்றுதான். "மொதல்ல கேட்டவங்க சுங்காய்தான். ஐயாகிட்ட நீயே போய்ச் சொல்லு" என்றார்.

போனேன். ஐயா கேட்டுக்கொண்டிருந்தவர் கோபத்தில் எழுந்துவிட்டார். "என்ன பிள்ளை, விளையாட்டோ? அழைப்பிதழ் எல்லாம் குடுத்தாச்சு!" நான் எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதை அழுகையோடு சொன்னேன். ஆடி என்றதும் உள்ளேயிருந்து அவர் மனைவி வந்தார். "ஆடியிலோ? ஆடியில ஆர் கலியாணம் வைக்கிறது?" என்று சிரித்தார். ஐயாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சுங்காயில் காலையில் முகூர்த்தம் முடிந்ததும் கழற்றி லாரியில் கொண்டுவருகிறேன், மாலை ஆறுக்குள் மேடையில் நிற்கும் என்றேன். "ஆறு எண்டால் ஆறு" என்று விரலை நீட்டினார்.

ஜூன் எட்டு லாரியில் நானே போனேன். தோட்டத்துக் கோயில் திடலில் மணவறை நின்றது. அந்தப் பெண் அதன் மர மயில்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். தாலி ஏறும்போது எனக்குத்தான் கண்ணீர் நிற்கவில்லை. ஒரு மணிக்குக் கழற்ற வேண்டும், ஆனால் சொந்தக்காரர்கள் படம் எடுக்க இன்னும் வரிசையில் நின்றார்கள். ஏன் அவசரம் என்று சொல்லாமல் தூணில் கை வைக்க எனக்கு மனம் வரவில்லை. பெண்ணின் அம்மாவான அந்த அக்காவைத் தனியே கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"அழியாதுன்னு சத்தியம் பண்ணியே?"

"அழியலக்கா. ஆடியில போய் உக்காந்துருச்சு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். திரும்பிப் போய், படத்துக்கு நின்றவர்களைப் பார்த்து, "போதும் போதும், மாப்ளைக்குப் பசிக்குது, நவுருங்க!" என்று விரட்டினார். இனி இவர் என் கடை வாசலை மிதிக்கமாட்டார் என்றுதான் நினைத்தேன். லாரி கிளம்பும்போது ஒரு பொட்டலத்தில் லட்டோடும் தேதி எழுதிய சீட்டோடும் ஜன்னல் பக்கம் வந்தார்.

"தையில சின்னவளுக்கு வெச்சிருக்கோம். மாசத்த நான் சொல்லிட்டேன். தேதிய நீ அந்த டிவிக்கு ஒழுங்காச் சொல்லிக் குடு."

ஐந்தே முக்காலுக்கு ஈப்போ மண்டபத்தில் மணவறையை நிறுத்தினோம். ஐயா கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

மறுநாள் அந்த மூன்றாவது டிஸ்க்கில் தேதிக்கு முன்னால் தமிழ் மாதத்துக்கு ஒரு கட்டம் சேர்த்தேன். சேர்க்க விட்டது, அந்த விஷயத்தில் தங்கமான சாமான்தான். என் கணவர் ஸ்டோருக்குப் போய், அண்டாவுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த சுவர்க் காலண்டரை எடுத்துவந்து பழைய ஆணியிலேயே மாட்டினார். நான் பெட்டி முன்னால் உட்கார்ந்தேன். புதுக் கட்டத்தில் முதலில் சுங்காய்ச் சின்ன மகளை ஏற்றினேன். தை என்று அடித்துவிட்டு, தேதிக்கு வந்ததும் மாதத்தை முன்னால் போட்டேன்.