கோவிந்தப்பா பார்க்காத யானைகள்

கோவிந்தப்பாவைப் பொய்யன் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஒரே ஒரு பொய்தான் சொன்னான். அதையே பதினோரு வருஷம் சொன்னான், அவ்வளவுதான்.

அவன் பெங்களூர் நீலசந்திராக்காரன். சுற்றுலாக் கம்பெனி ஒன்றில் சமையல்காரன். அதே கம்பெனியில் நான் வேன் டிரைவர். 1948லிருந்து வருஷா வருஷம் அதிகாரிகளையும் அவர்கள் குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு, பந்திப்பூர் காட்டுக்குள் இருக்கிற கோபாலசாமி மலைக்குப் போவோம். விடிந்ததும் எல்லோரும் பாறை விளிம்புக்குப் போய், பனி விலக விலக யானைக்கூட்டம் மேய்வதைப் பார்ப்பார்கள். கோவிந்தப்பா மட்டும் நாங்கள் தங்கும் பங்களாவின் பின்கட்டில் அடுப்பை ஊதிக்கொண்டிருப்பான். திரும்பி வருகிறவர்களுக்குக் காபியும் நாஷ்டாவும் சூடாக இருக்க வேண்டுமே. மலைக்காற்றில் அடுப்பு அணைந்து அணைந்து எரியும். அவனால் அந்த இடத்தை விட்டு நகர முடியாது.

வீட்டுக்குப் போனால் மனைவி பாஞ்சாலி, என்னத்தைப் பார்த்தாய் என்று கேட்பாள். அடுப்பைப் பார்த்தேன் என்று சொல்ல வெட்கம். அளந்துவிடுவான். யானைகள் வரிசையாக நின்றன, மேகம் காலுக்குக் கீழே போனது, அந்தக் காற்றை ஒரு தடவை இழுத்தால் ஆறு மாசத்துக்கு இருமல் கிடையாது. அவன் பேச்சைக் கேட்டே பக்கத்து ஆஸ்டின் டவுனில் இரண்டு குடும்பங்கள் பெயர் கொடுத்து மலைக்கு வந்தன என்றால் பாருங்கள்.

1959இல் வந்தது வினை. வேலையாட்கள் மனைவியையும் கூட்டிவரலாம் என்றது கம்பெனி. பாஞ்சாலி புதுப்புடவை கட்டிக்கொண்டு வேனில் ஏறினாள். டீக்கு நிறுத்திய இடத்தில் கோவிந்தப்பா என்னிடம் வந்து, "மாட்டிக்கினேண்ணே. இனிமே நான் இன்னா சொன்னாலும் அவ நம்பமாட்டா" என்றான்.

மறுநாள் விடிந்ததும் விருந்தாளிகள் விளிம்புக்குக் கிளம்பினார்கள். பால் அடுப்பில் இருந்தது. பாஞ்சாலி வந்து நின்றாள்.

"நீ எங்க நின்னு பாப்பே? அங்க கூட்டிகினு போ."

அவன் இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான், கடைசியில் என்னைப் பார்த்தான். எந்தப் பக்கம் போக வேண்டும் என்றுகூட அந்தப் பாவிக்குத் தெரியாது.

பாஞ்சாலி அவன் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டாள்.

"ஒவ்வொரு தபாவும் உன் சட்டையை நான்தானே தொவைக்கிறேன்? அடுப்புப் புகை தவிர அதுல வேற வாசனையே இருக்காது. எனக்கு எப்பவோ தெரியும்யா. போ, போய்ப் பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லு. பாலை நான் பாத்துக்கறேன்."

நான்தான் அவன் தோளைப் பிடித்துத் திருப்பி, வழி காட்டி அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் ஓடிவந்தான். கண்ணெல்லாம் தண்ணீர். பதினோரு வருஷம் அளந்த வாயில் ஒரு வார்த்தை வரவில்லை. பாஞ்சாலியின் கையைப் பிடித்து, கரண்டியோடு சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விட்டான்.

அன்றைக்குக் காபி போட்டது நான். பால் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்துவிட்டது. ஒரு அதிகாரி ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்து, சமையல்காரன் எங்கே என்று அதட்டினார்.

"யானை பாக்கப் போயிருக்கான் சார்" என்றேன். "பொண்டாட்டியோட."