வாயால் சொன்னால்தான் செல்லும்

என் தம்பிக்கு மூன்று வயதாகியும் மொட்டை போடவில்லை, காது குத்தவில்லை. பெரியபாளையத்து அம்மனுக்கு வேண்டிக்கொண்ட முடி தோளைத் தாண்டி இறங்கிவிட்டது. உச்சியில் குடுமி கட்டிக்கொண்டு திரிந்த அவனைப் பார்த்து, 'பொண்ணு அழகா கீதே' என்று கடைக்காரர்கள் மிட்டாய் கொடுத்தார்கள். அவனும் கூச்சமில்லாமல் வாங்கித் தின்றான். காது குத்தத் தாய்மாமன் மடி வேண்டும். அந்த மடியோ கும்மிடிப்பூண்டியில் எங்கள் வீட்டுக்கு மூன்று தெரு தள்ளித்தான் இருந்தது. ஆனால் அப்பாவுக்கும் மாமாவுக்கும் ஒன்றேகால் வருஷமாகப் பேச்சு இல்லை.

மாமா வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் வைத்தபோது அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் பத்திரிகை அனுப்பிவிட்டார். தட்டு இல்லை, வெற்றிலை பாக்கு இல்லை, வாய்ச்சொல்கூட இல்லை. "அக்கா புருசனுக்கு செல்போன்ல பத்திரிகையா? வாயத் தொறந்து வாங்கன்னு ஒரு வார்த்த சொன்னா முத்து உதுந்துருமா?" என்று குதித்த அப்பா, தானும் போகவில்லை, அம்மாவையும் விடவில்லை. வராதவரிடம் நான் ஏன் வாய் திறக்க வேண்டும் என்று மாமாவும் முறுக்கிக்கொண்டார். ஒரே கம்பெனியில் வேலை, ஒரே கேன்டீனில் சாப்பாடு. ஒருவர் வந்தால் இன்னொருவர் தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போவார். அம்மா இரண்டு முறை நாள் குறித்து இரண்டு முறையும் தள்ளிப்போட்டாள். வருகிற ஆடியை விட்டால் அம்மனுக்கே கோபம் வந்துவிடும் என்று புலம்பிக்கொண்டிருந்தாள்.

இந்த இரண்டு பேரையும் ஓர் இடத்தில் நிறுத்தியது கோல்ஃப். தொழிற்பேட்டையில் கோல்ஃபா என்று சிரிக்காதீர்கள்! கம்பெனிக்குப் பின்னால், ஏரிக்கரை வரைக்கும் சும்மா கிடந்த நிலத்தில், கொரியாவிலிருந்து வந்த மேனேஜர் ஆறு குழி வெட்டிப் புல் வளர்த்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் தன்னோடு ஆட ஆள் கிடைக்காமல் அவரே எங்கள் ஆட்களுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டார். அவர் ஊருக்குத் திரும்பிப் போன பிறகும் பைத்தியம் மட்டும் போகவில்லை. நான் முதலில் அதைக் கோலி என்றுதான் நினைத்தேன். அது ஒன்றும் பெரிய தப்பில்லை. குழியும் உண்டு, சண்டையும் உண்டு.

ஆட்டம் சுலபம். ஒரு குழியில் யார் குறைந்த அடியில் பந்தைப் போடுகிறாரோ, அந்தக் குழி அவருக்கு. அதிகக் குழி ஜெயித்தவருக்குக் கோப்பை. இதில் ஒரு பெருந்தன்மையும் இருக்கிறது. பந்து குழியை ஒட்டி நின்றுவிட்டால், எதிராளி 'குடுத்துட்டேன்' என்று சொல்லலாம். அடிக்காமலேயே பந்து விழுந்ததாகக் கணக்கு. முந்தின வருஷம் ஒருத்தர் தலையாட்டியதைப் பார்த்து இன்னொருத்தர் பந்தை எடுத்துவிட, "நான் ஈ ஓட்டுனேன்யா!" என்று அடிதடி ஆகிவிட்டது. அதனால் நடுவராக இருந்த ஸ்டோர் கீப்பர் சட்டம் போட்டார்: இனிமேல் தலையாட்டல், கையாட்டல் எதுவும் செல்லாது, வாயால் சொன்னால்தான் செல்லும்.

அந்த வருஷம் கடைசி ஆட்டத்தில் மோதியது யார் யார் தெரியுமா? எங்கள் அப்பாவும் மாமாவும்!

அன்று காலை அம்மா ஒரு குண்டான் புளிச்சோறு கிளறினாள். பையைத் தூக்கச் சொல்லி என்னிடம் கொடுத்தாள். கனத்தது. திறந்து பார்த்தேன், ஏழு தட்டு. தம்பிக்குத் தனித்தட்டு கிடையாது, அம்மா தட்டில்தான் சாப்பிடுவான். ஆக எங்களுக்கு மூன்று தட்டு போதும்.

"எதுக்கும்மா ஏழு?"

"பேசாம தூக்கினு வாடீ."

ஒன்பது வயதில் எனக்குக் கணக்கு நன்றாக வரும். அம்மாவுக்கு வரவில்லையே என்று வருத்தப்பட்டுக்கொண்டே தூக்கினேன்.

கம்பெனியில் பாதிப் பேர் மைதானத்தில் இருந்தார்கள். கரையின் இந்த முனையில் நாங்கள், அந்த முனையில் மாமா வீட்டு அத்தையும் அவர்களுடைய இரண்டு பிள்ளைகளும். நான் உட்காரவே இல்லை. அப்பா பின்னாலேயே குழிக்குக் குழி ஓடினேன். முதல் குழி சமம். இரண்டாவதில் அப்பாவின் பந்து குழிக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. ஒரு சாண்! குழந்தைகூட அதை அடிக்க வேண்டாம் என்று கொடுத்துவிடும். மாமாவுக்கும் மனசு இருந்தது போல. என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா, உங்கப்பாகிட்ட சொல்லு, குடுத்துட்டேன்னு."

நான் பெருமையாக அப்பாவை நோக்கி ஓடினேன். ஸ்டோர் கீப்பர் கையை நீட்டி மறித்தார். "தூதுலாம் செல்லாதுப்பா. ஆடுறவன் ஆடுறவங்கிட்ட நேரா சொல்லணும்."

மாமா வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். அப்பா அடித்தார். பந்து குழியின் விளிம்பைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து நின்றது. கூட்டம் மொத்தமும் 'அய்யய்யோ' என்றது. நான் தரையை உதைத்தேன்.

நான்காவது குழியில் அதே கதி மாமாவுக்கு வந்தது. பந்து குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அப்பா வானத்தில் பருந்து தேடினார். மாமா தவறவிட்டார். வேடிக்கை பார்த்தவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். "இன்னாய்யா பேஜாரு இது! ஒரு வார்த்த சொல்றதுக்கு ரெண்டு பேருக்கும் நாக்குல ஆணியா அடிச்சிக்கீது?"

ஆறாவது குழிக்கு வந்தபோது இரண்டு பேரும் சமம். கரையை ஒட்டிய குழி அது, புல் ஏரிப் பக்கம் சரியும். மாமா ஐந்து அடியில் போட்டுவிட்டார். அப்பாவுக்கு நான்கில் முடிக்க ஒரே அடி பாக்கி. போட்டால் கோப்பை. தவறினால் சமம், திரும்ப ஆட வேண்டும். பந்துக்கும் குழிக்கும் இடையே இரண்டு எட்டு தூரம்.

அப்பா மட்டையை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். நெடுஞ்சாலையில் போன ஒரு லாரி ஆரன் அடித்தது. மாமா கரையைப் பார்த்தார். அங்கே அம்மா எழுந்து நின்றிருந்தாள், இடுப்பில் குடுமியோடு தம்பி. மாமா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மாமா," என்றார் மாமா. அப்பாவை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். ஒன்றேகால் வருஷமாக நான் கேட்காத வார்த்தை. "குடுத்துட்டேன் மாமா. எட்துக்கங்க."

அப்பா நிமிர்ந்தார். "எனுக்கு வேணாம். நான் அடிச்சே போட்டுக்கறேன்."

"அதெல்லாம் முடியாது," என்று ஸ்டோர் கீப்பர் சட்டம் எழுதிய தாளைப் பிரித்துக் காட்டினார். "குடுத்தா குடுத்ததுதான். குடுத்தவனும் திருப்பி வாங்கக்கூடாது, வாங்கறவனும் வேணாங்கக்கூடாது. கப்பு உன்னுது."

"இன்னாத்துக்குடா குடுத்த? நான் போட மாட்டேன்னு நெனச்சிக்கினியா?"

"யாரு மாமா அப்டி சொன்னது?"

"அன்னிக்குத் தொறக்காத வாய் இன்னிக்கு எப்டிடா தொறந்துச்சி? வாட்ஸ்அப்புல அனுப்புனவன்தான நீ!"

"நைட் ஷிப்ட் மாமா! ஒரு வாரமா தூக்கமே கெடையாது. தப்புதான். அதுக்குன்னு வராமலே இருந்துருவீங்களா? எங்க அக்கா கால் படாத ஊட்டுலதான மாமா நான் குடி இருக்கறேன்?"

அப்பா கையிலிருந்த மட்டையை என்னிடம் நீட்டினார்.

"ஆடி மொத ஞாயித்துக்கெழம, பெரியபாளையம். எல்லாரு முன்னாலயும் வாயால சொல்றேன், கேட்டுக்கோ. நீ வந்து புள்ளைய மடியில உக்கார வெச்சிக்கோ மச்சான்."

கைதட்டலில் ஏரிக் கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தது. எல்லோரும் கத்தினார்கள், சிரித்தார்கள், யாரோ விசில் அடித்தார்கள். எனக்கு மட்டும் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஜெயிக்கிற பந்து டொக்கென்று குழியில் விழும் சத்தத்துக்காகக் காலையிலிருந்து வெயிலில் ஓடியவள் நான். அது கடைசி வரை விழவே இல்லை! இரண்டு எட்டு தூரத்தைப் போய் யாராவது சும்மா கொடுப்பார்களா? இந்த மாமாவுக்கு ஆடவே தெரியவில்லை என்று முடிவு கட்டினேன்.

அத்தையும் பிள்ளைகளும் எங்கள் முனைக்கு வந்து உட்கார்ந்தார்கள். அம்மா குண்டானைத் திறந்தாள். நான் பையிலிருந்து தட்டுகளை எடுத்துப் போட்டேன். அப்பா, மாமா, அம்மா, அத்தை, பிள்ளைகள் இரண்டு பேர், நான். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எனக்கே ஆச்சரியம் தாங்கவில்லை.

"நல்ல வேள அத்த," என்று தட்டை நீட்டிக்கொண்டே சொன்னேன். "எங்கம்மா காலீல தப்பா எண்ணிட்டாங்க. இல்லாட்டி உங்களுக்கெல்லாம் தட்டே இருந்திருக்காது."

அத்தை அம்மாவைப் பார்த்தாள். அம்மா குனிந்து, மாமாவின் தட்டில் இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தாள்.