என் பெயரில் திறக்கும் கம்ப்யூட்டர்

ஆம்பூர் ஷூ கம்பெனியின் பேக்கிங் ஷெட்டில் இருந்த கம்ப்யூட்டர் வெள்ளிக்கிழமை மதியம் மட்டும்தான் எனக்குக் கிடைக்கும். மற்ற நேரமெல்லாம் அதில் லேபிள் அடித்துக்கொண்டே இருப்பார்கள். ஜும்மா தொழுகைக்கு ஷெட் காலியானதும் ஹெட் ஆபீஸிலிருந்து என்னை வேனில் கொண்டுவந்து விடுவார்கள். நான் எழுதிய ஜாவா புரோகிராமை ஏற்றி, ஓட்டிப் பார்த்துவிட்டு, அவர்கள் திரும்பும் முன் அதே வேனில் கிளம்பிவிட வேண்டும்.

பால்குடி மறக்காத மகளை வேலூரில் மாமியாரிடம் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்த காலம் அது. பிரசவத்துக்குப் போய்வந்த என்னைப் பயிற்சி ஆளாகத்தான் திரும்பச் சேர்த்திருந்தார்கள். ஷூ வாங்கும் வெளிநாட்டு பையர் பார்வையிட வருவதற்குள் புரோகிராம் ஓடினால் நிரந்தரமாக்குவதாக மேனேஜர் சொல்லியிருந்தார்.

ஓடத்தான் செய்தது. எந்த ஜோடி எந்தப் பெட்டியில் என்று என் கண் முன்னால் திரையில் வந்தது. நான் ஹெட் ஆபீஸில் போய் உட்காருவதற்குள் பேக்கிங் சூப்பர்வைசர் போன் செய்துவிடுவார். டேட்டாபேஸோடு இணைத்துவைக்கும் டிரைவர் என்ற மென்பொருள் கிடைக்கவில்லை என்று திரையில் வருகிறதாம்.

"நீங்க இருந்தா ஓடுது, நாங்க வந்தா நின்னுடுது. எங்க மேல இன்னா கோவம் மேடம் அதுக்கு?"

அவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நான் மறுபடி புரோகிராமைத் திறந்து உட்கார்ந்தேன். எழுதியதைச் சரிபார்த்து மெஷின் மொழிக்கு மாற்றும் கம்பைலில் ஒரு பிழையும் காட்டாது. டேட்டாபேஸ் எங்கே இருக்கிறது என்று அப்போது அது கேட்பதே இல்லை; ஓடத் தொடங்கிய பிறகுதான் தேடும். அது தெரிந்தும் சரியாக இருந்த வரிகளை மாற்றி மாற்றி எழுதினேன். டிரைவரை எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டேன். பிரசவ அசதி இன்னும் தீரவில்லை உனக்கு என்றார் கணவர். அன்பாகத்தான் சொன்னார். அதனாலேயே நம்பிவிட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மகளுக்குக் காய்ச்சல். சீக்கிரம் போக அனுமதி கேட்டிருந்தேன், அன்றைக்குப் பார்த்து என்னைத் திரும்பக் கூட்டிப்போக வேன் வரவில்லை. பால் கட்டி ரவிக்கை நனைந்திருந்தது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஷெட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். தொழுகை முடிந்து வந்த சூப்பர்வைசர் தொப்பியை மடித்துப் பையில் வைத்தார். நான் திறந்து வைத்திருந்ததை மூடிவிட்டுத் தன் பெயரைப் போட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்தார். புரோகிராம் நின்றது.

அடுத்தவர் பெயரில் நுழைவது மரியாதை இல்லை என்று ஒவ்வொரு வாரமும் என் பெயரில்தான் நுழைந்திருந்தேன். அதனால் டேட்டாபேஸ் இணைப்பும் என் பெயருக்கு மட்டுமே பதிவாகியிருந்தது. மெஷினுக்கே பொதுவாகப் பதிந்திருந்தால் யார் வந்தாலும் ஓடியிருக்கும். அதற்கு அட்மின் பாஸ்வேர்ட் வேண்டும். அது கம்ப்யூட்டர் விற்ற சென்னைக்காரரிடம் இருந்தது.

மேனேஜரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"இவ்ளோதானா? இதுக்கா இத்தன வாரம்?" என்றார். அப்புறம், "சென்னைக்காரர் வர்ற வரைக்கும் உங்க பேர்லயே ஓடட்டும். உங்க பாஸ்வேர்ட எழுதிக் குடுங்கம்மா."

கொடுத்தேன். பையர் வந்து பார்த்துவிட்டுப் போனார். புரோகிராம் ஒருமுறைகூட நிற்கவில்லை. மாதக் கடைசியில் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, கைக்குழந்தையை வைத்துக்கொண்டு கவனம் இருக்காது, கொஞ்ச நாள் வீட்டில் இருங்கள் என்றார். எனக்கு நல்லது செய்கிற குரல். நானும் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

மறுவருஷம் வேலூர் பஸ் ஸ்டாண்டில் அந்த சூப்பர்வைசரைப் பார்த்தேன். குழந்தையை விசாரித்தார். புரோகிராம் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"ஜம்முனு ஓடுது மேடம். இன்னும் உங்க பேர்லதான். மாத்திடலாமான்னு கேட்டேன். ஓடுறத எதுக்குத் தொடணும்னுட்டாங்க."

பாஸ்வேர்டாக என் மகளின் பெயரைத்தான் வைத்திருந்தேன். அதைத் தினமும் காலையில் அங்கே யாரோ அடிக்கிறார்கள்.