ஃபிளோராவின் கல்வியாண்டு

"எங்க கல்யாணம் தொண்ணூத்திரண்டு தொண்ணூத்திமூணுல. காப்பரீட்சை லீவு" என்று சொல்லிக்கொண்டே தபால் உறைகளைப் பிரிப்பார் ஃபிளோரா. பாபநாசத்தை அடுத்த பள்ளியொன்றில் முப்பத்தாறு வருஷம் அலுவலக எழுத்தராக இருந்தவர்.

அவருக்கு வருஷம் ஜனவரியில் பிறப்பதில்லை. வாய்க்காலில் புதுத்தண்ணீர் வருகிற ஜூனில், பாடப்புத்தகக் கட்டுகளின் பசை வாசனையோடு பிறக்கும். ஏப்ரலில் கடைசிப் பரீட்சையோடு முடியும். மே மாதம் எதிலும் சேர்த்தியில்லை.

சான்றிதழ் கேட்டு வருகிறவர் விண்ணப்பத்தில் வெறுமனே 2011 என்று எழுதியிருந்தால் விடமாட்டார். "எந்தப் பதினொண்ணுங்க? ஏப்ரலுக்கு முன்னாடியா, ஜூனுக்கு அப்புறமா?" கல்வியாண்டு என்பதைப் பிரித்து எழுதினாலும் திருப்பிக் கொடுப்பார். "கல்வி ஒரு பக்கம், ஆண்டு ஒரு பக்கம் போயிடும்ல."

கணவர் ஜெரால்ட் இறந்ததையும் இப்படித்தான் சொல்வார். "பதினேழு பதினெட்டு. மூணாம் பருவம்." அப்போது மட்டும் குரல் இறங்கும்.

போன அக்டோபரில் அவருக்கு அறுபது நிறைந்தது. வருஷத்தின் நடுவில் ஓய்வு வயதை எட்டும் ஆசிரியர்கள் கல்வியாண்டு முடியும்வரை தொடரலாம். எழுத்தருக்கு அந்தச் சலுகை கிடையாது. எத்தனையோ ஆசிரியர்களுக்கு அந்த நீட்டிப்பைத் தட்டச்சு செய்து அனுப்பியவர், தன் முறை வந்தபோது தலைமையாசிரியர் பெரியநாயகசாமியின் முன்னால் போய் நின்றார்.

"சம்பளம் வேணாம் சார். ஏப்ரல் வரைக்கும் வந்துட்டுப் போறேனே. பாதி வருஷத்துல எப்படி எந்திரிச்சுப் போறது?"

"எனக்கு மட்டும் ஆசையில்லையாம்மா? ரூல்ஸ் விடமாட்டேங்குதே."

அந்த மாசக் கடைசியில் சால்வை போர்த்தி அனுப்பினார்கள். பேருந்து ஜன்னலுக்கு வெளியே சம்பாப் பயிர் முழங்கால் உயரம் நின்றது. அதற்குப் பிறகு பள்ளிப் பக்கமே அவர் போகவில்லை. "ரிடையர் ஆயிட்டீங்களாமே" என்று தெருவில் யாராவது கேட்டால், "இன்னும் வருஷம் முடியலைங்க" என்பார்.

ஏப்ரலில், பள்ளியின் கடைசி வேலை நாளன்று, மத்தியானம் போய் இறங்கினார். புதிய எழுத்தர் ராம்கி எழுந்து தன் நாற்காலியைக் காட்டினார். ஃபிளோரா பெற்றோர் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். நீள மணி அடித்தது. பிள்ளைகள் கத்திக்கொண்டு வாசலைக் கடந்து ஓடி ஓய்ந்தார்கள்.

ராம்கி சேர்க்கைப் பதிவேட்டைத் திறந்து, அந்த ஆண்டின் கடைசிப் பெயருக்குக் கீழே கோடு போட ஸ்கேலை வைத்தார். அது வழுக்கியது. ஃபிளோரா எழுந்து வந்து, ஸ்கேலின் மறுமுனையை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.