ஆயிரம் ரூபாய் போதும் சேர்

1. முதல் நாள்

ஓய்வு பெற ஐந்து வருடம் இருக்கும்போதுதான் என்னை ஹட்டன் கிளையின் அடகு கவுண்டருக்கு மாற்றினார்கள். மேசையில் உரைகல், அமிலப் போத்தல், தராசு மூன்றும் இருந்தன. நாலாவதாக என் தலைக்கனம். அதை அந்தத் தராசு தாங்கியிருக்காது. கொழும்பில் மூன்று நாள் பயிற்சி எடுத்து, 'நிதி அறிவு' என்று அச்சடித்த சான்றிதழோடு அல்லவா வந்திருந்தேன்!

முதலில் வந்தவர் பாக்கியம். கொட்டகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். கைலேஞ்சித் துணியின் முடிச்சை அவிழ்த்து மூன்று பவுண் சங்கிலியை வைத்தார். உரசிப் பார்த்தேன். அசல் இருபத்திரண்டு கெரட்.

"ஒரு லட்சத்துக்கு மேல எடுக்கலாம்மா."

"ஆயிரம் ரூவா போதும் சேர்."

"ஆயிரமா? போக வர பஸ்சுக்கும் டீக்குமே அதுல பாதி போயிருமே!"

"போதும் சேர். துண்ட மட்டும் பத்தரமா போட்டுக் குடுங்க."

துண்டு என்றால் அடகுச் சீட்டு. எழுதிக் கொடுத்தேன். மாதம் இவ்வளவு அடகுக் கடன் கொடுத்தாக வேண்டும் என்று மெனேஜருக்கு மேலிடத்து உத்தரவு. ஆயிரம் ரூபாய் பதிவைப் பார்த்து அவர் என்னைத்தான் முறைத்தார்.

பாக்கியம் ஒவ்வொரு தீபாவளிக்கும் முன்னால் வந்து சங்கிலியைத் திருப்புவார். வருட வட்டி ஒரு றாத்தல் பாண் ரொட்டியின் விலைதான். தீபாவளி முடிந்து மூன்றாம் நாள் மறுபடியும் அதே சங்கிலி, அதே ஆயிரம்.

2. வெள்ளைப் பலகை

தோட்டங்களுக்குப் போய்ச் சேமிப்பைப் பற்றிப் பேசும் வேலையும் எனக்கே வந்தது. கோயில் மண்டபத்தில் வெள்ளைப் பலகையை நிறுத்தி, "ஒரு அம்மா இருக்காங்க, தங்கத்தோட பெறுமதியே தெரியாம..." என்று பெயர் சொல்லாமல் பாக்கியத்தின் கதையைச் சொல்வேன். கூட்டம் சிரிக்கும். வீட்டிலும் சொன்னேன். என் மனைவி சரோஜா மட்டும் சிரிக்காமல் லீக்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் பொறுக்க முடியாமல், ஏன் ஆயிரம் மட்டும் என்று பாக்கியத்திடமே கேட்டேன்.

"எங்க வூட்டுக்காரரு நல்லவருதான் சேர். குதிரதான் சரியில்ல. டவுன்ல பந்தயக் கடையில காசு கட்டுவாரு. நாங்க இருக்குற லயத்து வீட்டுக் கதவு ஒரு ஒதைக்குத் தாங்காது. வீட்டுல இருந்தா இந்தச் சங்கிலி ஒரு வாரம் நிக்குமா? அடகுல இருக்குன்னா சொந்தக்காரங்ககூட இரவல் கேக்க மாட்டாங்க."

"அவரே வந்து திருப்பப் பாத்தா?"

"ஒன்னர லச்சத்துக்கு வச்சிருக்கேன்னு சொல்லியிருக்கேன். அம்புட்டுக் காசுக்கு எங்க போவாரு?"

"துண்டப் பாத்துட்டா ஆயிரம்னு தெரிஞ்சிருமே?"

"மகளோட பழைய கிளினிக் காட் இருக்கு, தடுப்பூசி எழுதுற அட்டை, அதுக்குள்ள வச்சிருக்கேன் சேர். புள்ளைக்கு ஊசி போட்ட அட்டைய எந்த அப்பன் தொறந்து பாத்திருக்கான்?" என்றவர், குரலைத் தணித்துக்கொண்டார். "மக நல்லாப் படிக்கிறா. கெம்பஸ் கெடச்சா இந்தச் சங்கிலிதான் அவளுக்கு."

வங்கியையே தன் இரும்புப் பெட்டியாக்கியிருந்தார் அந்த அம்மா. அதற்குப் பெயர்தான் நிதி அறிவு என்று அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. அதையும் வீட்டில் வேடிக்கைக் கதையாகச் சொன்னேன். சரோஜா இந்தத் தடவை கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

3. நாளைக்கு இரண்டு வீதம்

பழைய சிநேகிதர் ஒருவர் என் போனில் ஒரு முதலீட்டுத் திட்டத்தை ஏற்றிவிட்டார். ஒரு நாளைக்கு நூற்றுக்கு இரண்டு வீதம் இலாபம். முப்பது வருடம் வட்டிக் கணக்குப் பார்த்தவன் அந்த இடத்திலேயே விழுந்து விழுந்து சிரித்திருக்க வேண்டும். நான் வெறுமனே விழுந்தேன்.

சரோஜாவின் நாலு வளையல்களை மெருகு போடுவதாகச் சொல்லி வாங்கினேன். சக ஊழியர்கள் பார்க்கக் கூடாதென்று நுவரெலியா வரை போய் வேறொரு வங்கியில் அடகு வைத்தேன். எடுக்கக்கூடிய அத்தனை பணத்தையும் எடுத்தேன். சான்றிதழ் பெற்றவன் ஆயிரத்தோடு நிற்பானா? போனில் தொகை நாளுக்கு நாள் ஏறியது. டீ குடிக்கும்போதெல்லாம் எடுத்துப் பார்த்துக்கொள்வேன்.

நான் கெட்டதோடு நிற்காமல் பாக்கியத்தையும் இழுத்தேன். வங்கி மேசையில் இருந்துகொண்டு பேசக் கூடாத பேச்சு. பேசினேன்.

"இந்தத் தடவ முழுசா எடுங்கம்மா. நான் போட்டிருக்க மாதிரி போன்ல போட்டுருவோம். மக படிப்புக்கு ரெண்டு மடங்கா வரும்."

அவர் சற்று யோசித்தார். "தராசு எங்க சேர் இருக்கு?"

"என்ன தராசு?"

"நாங்க பறிக்கிற கொழுந்த கண்ணு முன்னாலதான் நிறுக்குறாங்க. அப்பயும் தண்ணிக்குன்னு, கூடைக்குன்னு கிலோ வெட்டுறாங்க. இது கண்ணுல காணாத தராசு. எம்புட்டு வெட்டுவாங்களோ? ஆயிரம் போதும் சேர்."

படிக்காத சனத்துக்கு விளங்காது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

அடுத்த மாதம் ஒரு காலை போனைத் திறந்தால், பராமரிப்பு வேலை நடக்கிறது, பொறுத்திருங்கள் என்று ஆங்கிலத்தில் அறிவிப்பு. எனக்குத் தெரிந்தவரை இன்னும் பராமரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

4. பதிவுத் தபால்

வட்டி கட்ட வழியில்லை. மெருகு போடுபவருக்குச் சுகமில்லை, ஊருக்குப் போய்விட்டார் என்று மாதக்கணக்கில் கதை சொன்னேன். ஒருநாள் வீட்டுக்குப் பதிவுத் தபால் வந்தது. குறித்த தினத்துக்குள் மீட்கத் தவறினால் நகைகள் ஏலத்தில் விடப்படும் என்று மனவருத்தத்துடன் அறியத் தந்திருந்தார்கள். அந்த மனவருத்தத்தை நானே நூற்றுக்கணக்கான வீடுகளுக்கு அனுப்பியிருக்கிறேன். இதைக் கையெழுத்துப் போட்டு வாங்கியவள் சரோஜா.

"என்னங்க, மெருகு போட பேங்குக்கா குடுத்தீங்க?"

கேட்டுவிட்டு, கடிதத்தை என் முன்னால் வைத்துவிட்டு லீக்ஸ் நறுக்கப் போனாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அதே வாரம் பாக்கியம் மகளோடு வந்தார். மகளுக்குப் பல்கலைக்கழக இடம் கிடைத்திருந்தது. "இப்ப முழுசா குடுங்க சேர்" என்றார். தங்கம் ஏறியிருந்த ஏற்றத்துக்கு, முதல் நாள் நான் சொன்ன தொகையைப் போல இரண்டு மடங்குக்கு மேலேயே வந்தது. எண்ணிக் கொடுத்தேன்.

"உங்க போன் காசு என்னாச்சு சேர்? கிலோ வெட்டிட்டாங்களா?"

"கூடையோட கொண்டு போயிட்டாங்கம்மா."

அவர் சிரிக்கவில்லை. "அழுவாதீங்க சேர்" என்றார். நான் அழவில்லை என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்!

இப்போது கவுண்டரில் இருக்கும் தம்பி தங்கச்சிமாருக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன். மூன்று பவுணுக்கு ஆயிரம் கேட்டு ஒருவர் வந்தால் பாடம் நடத்தாதீர்கள். அவர் வீட்டுக் கதவு எப்படி என்று கேளுங்கள்.

சரோஜாவின் நகைகளுக்குக் கடைசி நாள் வருவதற்குள் நான் ஓய்வு பெற்றேன்; ஓய்வுப் பணமும் கைக்கு வந்தது. நேரே நுவரெலியா போய் வளையல்களைத் திருப்பிக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போட்டுக்கொண்டு போனாள். திங்கட்கிழமை என் பழைய கவுண்டரில் இருந்து போன் வந்தது.

"சேர், உங்க மிஸிஸ் வந்திருக்காங்க. நாலு வளையலுக்கு ஆயிரம் ரூவா போதுமாம். நான் விளங்கப்படுத்தவா?"

"வேணாம் தம்பி. துண்ட மட்டும் பத்தரமா போட்டுக் குடுங்க."

எங்கள் மகனுக்கு இப்போது முப்பது வயது. அவனுடைய கிளினிக் காட் வீட்டில் எங்கேயோ இருக்கத்தான் வேண்டும். எங்கே என்று எனக்குத் தெரியாது.